ஸ்கேன் செய்த வான்படங்களில் ஓரப் பிழை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிளாட்டரில், அதாவது ஒரே இடத்தின் இரண்டு வான்படங்களைச் சேர்த்து முப்பரிமாணமாகப் பார்த்து வரைபடம் எடுக்கும் கருவியில், இரண்டு கைச்சக்கரங்களைச் சுழற்றி, காலால் தட்டைத் திருப்பி உயரம் பிடித்து வரைபடம் எடுத்தே பழகியவன் நான். பிளாட்டரோடு கணினியை இணைக்கும் யோசனையை போட்டோகிராமெட்ரி (படங்களிலிருந்து அளவெடுக்கும் துறை) பொறியாளர் ஹெலாவா 1957இல் சொன்னார். இப்போது கருவியே கணினிக்குள் போய்விட்டது. சரி, நாமும் மாறுவோம் என்று வந்தால், முதல் படியிலேயே மாட்டிக்கொண்டேன்.

கையில் இருப்பவை 23 செ.மீ. சதுர நெகட்டிவ்கள், அளவை 1:10,000. சாதாரண மேசை ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து எடுத்தேன். ஒரு பிக்சல் சுமார் 21 மைக்ரான், அதாவது தரையில் 21 செ.மீ. என் வேலைக்கு அது போதும். ஆனால் எட்டு ஓரக்குறிகளையும் (கேமரா படத்தின் ஓரங்களில் பதிக்கும், இடம் தெரிந்த அடையாளங்கள்) அளந்து அஃபைன் மாற்றம் (நகர்த்தல், திருப்பல், நீட்டல், சாய்த்தல் மட்டும் செய்யும் கணக்கு) கொடுத்தால், வலது பக்கத்தில் மட்டும் 60–70 மைக்ரான் பிழை நிற்கிறது. ஸ்டீரியோவில் (இரண்டு படங்களையும் சேர்த்து முப்பரிமாணமாகப் பார்க்கும்போது) நடுப்பகுதியில் மிதக்கும் புள்ளி, அதாவது உயரம் பிடிக்கும் அளவுக்குறி, தரையில் அழகாக உட்காருகிறது. ஓரத்துக்குப் போனதும் இரண்டாகப் பிரிந்து கண்ணை வலிக்க வைக்கிறது.

பிலிம் சுருங்கியிருக்குமோ என்று நெகட்டிவை 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிழை படத்தோடு திரும்பவில்லை, ஸ்கேனரின் அதே பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியென்றால் குற்றவாளி ஸ்கேனர்தான்.

கட்டக் கண்ணாடித் தகடு (துல்லியமான கட்டக் கோடுகள் பொறித்த கண்ணாடி) வைத்து இதைத் திருத்தியவர்கள் உண்டா? எத்தனை புள்ளிகள் அளந்தீர்கள்? அந்தத் திருத்தம் எத்தனை நாள் தாங்கியது? அல்லது கற்றைச் சரிக்கட்டலில் (எல்லாப் படங்களின் நிலையையும் ஒரே கணக்கில் சரிசெய்யும் முறை) இப்படிப்பட்ட பிழைகளுக்கான கூடுதல் அளவுருக்கள் சேர்த்தால் மென்பொருளே இதை விழுங்கிவிடுமா? அப்புறம், இந்த வேலைக்கென்றே துல்லியமாகச் செய்த போட்டோகிராமெட்ரிக் ஸ்கேனர் வாங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது எனக்கு எட்டாது.