இரண்டு பெக்கும் இறங்காத எடையும்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வயது 43, உயரம் 172 செ.மீ. ஜனவரியில் 86 கிலோ. ஆறு மாதம் கழித்து இன்று காலை 85.4. சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது.

வாரம் நான்கு நாள், வேலை முடிந்ததும் 60 மில்லி விஸ்கி இரண்டு. அதை மட்டும் விட மனமில்லை. தினமும் ஏரிப் பக்கம் 45 நிமிடம் நடக்கிறேன். இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்தது. பீரை விட்டேன், கோலாவுக்குப் பதில் சோடா. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி என்று கணக்குப் போட்டால் இரண்டு பெக்குக்கே ஏறக்குறைய 280. நடந்ததெல்லாம் அதிலேயே போச்சு.

ஆனால் எனக்குச் சந்தேகம் பக்கத்துத் தட்டின் மேல்தான். முதல் பெக் உள்ளே போனதும் காங்கிரஸ் கடலை (மசாலா போட்ட வேர்க்கடலை) கை நிறைய, அப்புறம் சில்லி சிக்கன். வெள்ளரிக்காய் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாளே கடலை திரும்பி வந்துவிட்டது. ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டுக் குடித்தேன், தூக்கம் கெட்டது.

முழுக்க நிறுத்தச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. வாரம் இரண்டு நாளாகக் குறைப்பது, நான்கு நாளும் ஒரே பெக்கோடு எழுந்துவிடுவது, இந்த இரண்டில் எதைச் செய்து உங்களுக்கு எடை இறங்கியது?