ஒரு அத்தியாயத்துக்கு 2 ரூபாய் வாங்குவது நடக்கிற காரியமா?

வைகைக்கரை:
என் தளத்தில் வாரம் ஒரு பேய்க்கதை அத்தியாயம் போடுகிறேன். மாதச் சந்தா என்றதும் யாரும் அசையவில்லை. சரி, முதல் பாதி இலவசம், மீதிக்கு 2 ரூபாய் என்று வைத்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். அப்படியும் பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டு முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போகிறார்கள். டீக்கடையில் யோசிக்காமல் ஸ்கேன் செய்கிறவர்கள்தானே இவர்கள்? பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேக்காரர் பிடித்தது போக என்ன மிஞ்சும் என்பது வேறு கவலை.

நிரல்முருகு:
பிடித்தத்தை விடுங்கள் அக்கா. அமெரிக்காவில் கார்டுக்கு 2.9 சதவீதத்தோடு 30 சென்ட்டும் எடுப்பது வழக்கம். 25 சென்ட்டுக்குக் கட்டுரை விற்றால் கைக்காசு போகும். இங்கே 2 சதவீதம் எடுத்தாலும் 2 ரூபாயில் 4 பைசா, அதன் மேல் ஜிஎஸ்டி. உங்கள் சிக்கல் ஆப்புக்குத் தாவி, பின் எண் போட்டு, திரும்பி வருவதில் இருக்கிறது. அதற்குள் பேயே போய்விடும்.

மாடிவீடு:
டீ எப்படி இருக்கும் என்று குடிக்கும் முன்பே தெரியும், கதை அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் ‘இது தேறுமா’ என்று யோசிப்பதே ஒரு செலவு என்று கணினி அறிஞர் நிக் சாபோ 1990களிலேயே எழுதினார். நெதர்லாந்தின் ‘பிளெண்டில்’ (Blendle) என்ற செய்தித் தளம் 2014இல் கட்டுரைகளைத் தனித்தனியாக விற்றது, பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். 2019இல் அதைக் கைவிட்டுச் சந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

வைகைக்கரை:
வாபஸ் என்றாலே பயமாக இருக்கிறது. ஒருவருக்குப் பணம் பிடித்துவிட்டது, அத்தியாயம் திறக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட், யூடிஆர் எண் (பணம் போனதற்கான வங்கிக் குறிப்பு எண்), கோபமாக வாட்ஸப் ஆடியோ. கேட்வேயில் புகார் போட்டால் ‘5 முதல் 7 வேலை நாட்கள்’ என்று பதில். 2 ரூபாய்க்கு! நானே என் கணக்கிலிருந்து அனுப்பி முடித்தேன்.

நிரல்முருகு:
அதனால்தான் முன்பணம் நல்லது. 50 ரூபாய் ஒரே தடவை, பிறகு ஒரு தட்டில் திறக்கும். உங்கள் தளத்தில் மட்டும் செல்லுகிற இருப்புக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தேவையில்லை. நண்பர்கள் தளத்திலும் செல்லும்படி செய்தீர்களோ, அது வேறு கதை. யூபிஐ லைட் என்ற சிறுதொகை வாலட்டில் பின் எண் கேட்காது, ஆனால் வாசகர் அதில் முன்பே பணம் போட்டு வைத்திருக்க வேண்டுமே.

வைகைக்கரை:
50 என்றால் மறுபடியும் சந்தா போலத் தெரியும். 20 வைத்துப் பார்க்கிறேன். நடுவில் இருப்பு தீர்ந்தால் ஒரு அத்தியாயம் கடனுக்கு விடலாமா?

நிரல்முருகு:
தாராளமாக. மைனஸ் 2 வரை விடுகிற மாதிரி நிரலில் ஒரு வரி மாற்றினால் போதும்.