தாராவியில் கூரை வேலை கற்றுத்தர யாராவது வருவீர்களா?

வணக்கம். தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் சந்தில் தகரமும் சிமென்ட் ஷீட்டும்தான் கூரை. மே மாத மதியம் மாடியறையில் தோல்பை தைப்பவர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார்கள். வேலை நின்றால் அன்றைய கூலி போச்சு. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே சூடு குறையும். அந்த வேலையை வெளியாள் வந்து செய்துவிட்டுப் போவதைவிட எங்கள் பிள்ளைகளே கற்றுக்கொண்டால் பிழைப்பும் ஆச்சு.

பெயர் கொடுத்தவர்கள் 12 பேர். ஏழு பேர் பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். (ஏணி ஏறப் பயமா என்று கேட்டதற்கு என்னை முறைத்தார்கள்.) சோலார் பக்கமும் விசாரித்தேன். சூரியமித்ரா என்ற அரசு சோலார் பயிற்சிக்குப் பத்தாவதும் ஐடிஐயும் கேட்கிறார்கள். இருபது வருடமாகக் கூரை மாற்றும் அண்ணன் ஒருவர் ஏழாவதோடு நின்றவர். அவர் எங்கே போவார்?

பிரதமர் கௌஷல் விகாஸ் என்ற தொழில்பயிற்சித் திட்டத்தில் கையனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை உண்டு. அதை வாங்கியவர்கள் இங்கே இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். அப்புறம், பழைய சிமென்ட் ஷீட்டில் கால் வைத்தால் உடையும். பாதுகாப்பாக ஏறுவதைத் தமிழிலோ இந்தியிலோ கற்றுத்தர ஒருவர் வேண்டும், இடுப்புப் பட்டை இரவலாகக் கிடைத்தாலும் நல்லது. ஜூனில் மழை இறங்கிவிட்டால் பூச்சு காயாது. ஞாயிறு மதியம் என்றால் எல்லோரும் வீட்டில் இருப்போம்.