நைட் ஷிப்ட் ஆளுக்கு மட்டும் நேரம் மைனஸில் வருகிறது

ஜூரோங்_தம்பி:
சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கு ஆட்களுக்குச் சம்பளக் கணக்கு போடுகிறேன். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். டேபிளில் தேதி, உள்ளே, வெளியே என்று மூன்று ஃபீல்டு. கடைசி இரண்டும் டைம் வகை. கழித்தால் காலை 8:00 - 17:30 ஆளுக்கு 93000 வருகிறது. சரி, ஒன்பதரை மணி நேரம். 8:45க்கு வந்தவருக்கோ 88500. எட்டு மணி எண்பத்தைந்து நிமிடமா? இரவு 20:00க்கு வந்து 08:15க்குப் போனவருக்கு -118500. நாளைக்குள் ஓவர்டைம் கணக்கு கொடுக்க வேண்டும் அண்ணே.

பழைய_டிபிஏ:
தம்பி, கழித்தல் குறி போட்டதும் அது நேரத்தை வெறும் எண்ணாக்கிவிடும். 17:30:00 என்பது 173000, 8:45:00 என்பது 84500. 173000இலிருந்து 84500 போனால் 88500தானே. முதல் ஆளுக்குச் சரியாக வந்தது குருட்டு அதிர்ஷ்டம். நேர வித்தியாசம் எடுக்கும் ஃபங்ஷன் டைம்டிஃப்(வெளியே, உள்ளே) போட்டுப் பாருங்கள்.

ஜூரோங்_தம்பி:
பகல் ஆட்கள் சரியாகிவிட்டார்கள். இரவு ஆளுக்கு -11:45:00.

பழைய_டிபிஏ:
அவர் மறுநாள் வெளியேறினார் என்பது டேபிளுக்கு எப்படித் தெரியும்? வெளியே, உள்ளேயை விடச் சிறியதாக இருந்தால் மட்டும் 24 மணி கூட்டுங்கள், 12:15 வரும்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
அது ஒட்டுப்போடுவதுதான். இரண்டையும் தேதியும் நேரமும் சேர்ந்த டேட்டைம் வகை ஆக்கி, டைம்ஸ்டாம்ப்டிஃப் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். இதில் முதலில் அலகு, அப்புறம் தொடக்கம், கடைசியில் முடிவு. டைம்டிஃப்புக்கு நேர்மாறு, நானே எத்தனையோ முறை மாற்றிப் போட்டிருக்கிறேன். அலகாக ஹவர் கொடுக்காதீர்கள், முழு மணியை மட்டும் எண்ணி 12 என்று சொல்லிவிடும். மினிட் கொடுத்தால் 735. அதை 60ஆல் வகுத்தால் 12.25. தினம் 15 நிமிடம் விழுங்கினால் 26 நாளில் ஆறரை மணி நேரம், அதுவும் ஒன்றரை மடங்குச் சம்பளத்தில். அந்த ஆள் உங்களை விடுவாரா?

ஜூரோங்_தம்பி:
735 வந்துவிட்டது அக்கா! பழைய வரிசைகளுக்கு அண்ணன் சொன்ன 24ஐக் கூட்டி டேட்டைம் ஆக்கினேன். ஒருவருக்கு மட்டும் 5 நிமிடம் காட்டுகிறது: உள்ளே 20:00, வெளியே 20:05.

உட்லண்ட்ஸ்_அக்கா:
காலையில் கார்டு தட்ட மறந்து, மறுநாள் இரவு வந்து தட்டியிருப்பார். அதற்கு எந்தக் குவெரியும் உதவாது. சூப்பர்வைசருக்கு ஃபோன் போடுங்கள்.