நோயாளி ஏறிய மைலுக்குத்தான் கூலி: மெடிகெய்ட் வேன் தொழிலில் இறங்கியவர்களின் அனுபவங்கள்

டாலஸ் பகுதியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நோயாளிகளை மருத்துவரிடம் கொண்டுபோய்விட ஒரு வேன் வாங்கிவிட்டால் போதும், அரசாங்கமே மாதாமாதம் பணம் அனுப்பிவிடும் என்று காணொளிகளைப் பார்த்து நம்புகிறவர்கள் அமெரிக்காவில் உள்ள நம்மவரிடையே பெருகிவருகிறார்கள். மூன்று ஆண்டுகளாக அப்படியொரு வேனை ஓட்டிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதே தொழிலில் இருப்பவர்களும் இருந்தவர்களும் தங்கள் அனுபவங்களைச் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

என் கணவர் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கிறார். கிரீன் கார்டுக்காக அவருக்குப் போடப்பட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்ததால், வாழ்க்கைத்துணைக்கான எச்-4 விசாவில் இருந்த எனக்கு வேலை அனுமதி அட்டை கிடைத்தது. 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்த விதி இல்லையென்றால் எனக்கு இந்தத் தொழிலே இல்லை. சென்னையில் எட்டு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்த நான் வேன் ஓட்டுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் மெக்சிகோ பாட்டி ஒருவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் அவரை அழைத்துச்செல்ல வேண்டிய வண்டி வரவேயில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டில் மருத்துவரிடம் போய்வரும் பயணமும் அடங்கும் என்பதே அன்று வழியில் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

வெகு காலம் மத்திய அரசின் விதியாக மட்டுமே இருந்த இந்தப் பயண வசதி, 2020 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வழியாகச் சட்டத்திலேயே இடம்பெற்றது. ஆனால் அதை நடத்தும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாசில் 2021 ஜூன் முதல், நோயாளி எந்தக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரோ அந்தத் திட்டமே அவருடைய பயணத்துக்கும் பொறுப்பு. திட்டம் அந்த வேலையைத் தரகு நிறுவனத்திடம் விடுகிறது, தரகு நிறுவனம் நம்மைப் போன்ற சிறு வேன்காரர்களிடம் விடுகிறது. ஆகையால் 'அரசாங்கம் பணம் அனுப்பும்' என்பது முதற்கோணல். எனக்குப் பணம் தருவது தரகு நிறுவனம்; விலையைச் சொல்வதும் அதுவே.

கம்பெனிப் பதிவு, வரி எண், மருத்துவச் சேவை தருபவர்களுக்கான பத்து இலக்க அடையாள எண்ணான என்பிஐ, முதலுதவிப் பயிற்சி, போதைப்பொருள் சோதனை ஆகியவையெல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டன. முதலில் என்னை உட்காரவைத்தது வாகனக் காப்பீடு. தொழிலில் முன்வரலாறு இல்லாத புதுக் கம்பெனி என்பதால் பலர் விலை சொல்லவே மறுத்தார்கள். நான் அணுகிய தரகு நிறுவனமோ 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒப்பந்தமே இல்லை என்றது. சக்கர நாற்காலியை ஏற்றச் சரிவுப் பலகை பொருத்திய பழைய டொயோட்டா சியன்னா வேனுக்கு மாதத் தவணையாகக் கட்டியதைவிட அதன் காப்பீட்டுக்குக் கட்டியது அதிகம்.

முதல் மூன்று மாதங்களில் எது வந்தாலும் ஏற்றுக்கொண்டேன். பெரும்பாலும் தானே நடந்து வண்டியில் ஏறக்கூடிய நோயாளிகள்தான் வந்தார்கள். 19 மைல் காலியாக ஓட்டிப்போய், ஒருவரை ஏற்றி, 6 மைல் தொலைவில் இறக்கிவிட்டு, மீண்டும் 14 மைல் காலியாகத் திரும்பிய நாள் ஒன்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. கூலி அந்த 6 மைலுக்குத்தான். ஆள் ஏறிய மைல், காலி மைல் என்ற இரண்டு சொற்களையும் பிரித்து எழுதத் தொடங்கிய பிறகே கணக்கு எனக்குப் பிடிபட்டது. நடந்து ஏறக்கூடியவர்களை ஆப் டாக்ஸிகளும் குறைந்த விலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. சக்கர நாற்காலியோடு வருபவரை அவற்றின் சாதாரணக் கார்களில் ஏற்ற முடியாது. எனவே என் வீட்டிலிருந்து 8 மைலுக்குள் இருக்கும் மூன்று டயாலிசிஸ் மையங்களை மட்டும் வைத்துக்கொண்டு, சக்கர நாற்காலி நோயாளிகளின் நிலையான முன்பதிவுகளை மட்டும் கேட்டு வாங்கினேன். தொழிலில் நான் எடுத்த நல்ல முடிவு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

டயாலிசிஸ் நோயாளிகள் திங்கள், புதன், வெள்ளி என்றோ செவ்வாய், வியாழன், சனி என்றோ இரண்டு வரிசையில்தான் வருவார்கள். ஒருமுறைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். முகவரி, நாள், நேரம் எதுவும் மாறாததால் பாதையை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். ஆனால் கொண்டுவிடும் நேரம் நம் கையில் இருப்பதுபோல் கூட்டிவரும் நேரம் இருப்பதில்லை. ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்கச் சிலருக்கு ஐந்து நிமிடம் ஆகும், சிலருக்கு அரை மணி ஆகும். ரத்த அழுத்தம் இறங்கிப்போனால் செவிலியர் எழுந்திருக்கவே விடமாட்டார். ஒரு கால் நீக்கப்பட்ட பெரியவர் ஒருவரை ஒருநாள் நேரமாயிற்று என்று நான் அவசரப்படுத்திக் கூட்டிவந்துவிட்டேன். பாதி வழியில் தலை தொங்கிவிட்டது. ஓரமாக நிறுத்தி 911 அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு நோயாளிகளுக்கு இடையில் 40 நிமிடம் விடாமல் நான் எந்தப் பயணத்தையும் ஏற்பதில்லை. தரகு நிறுவனத்தின் கணினி அந்த இடைவெளியை 'காலி நேரம்' என்று கருதி வேறு பயணத்தைத் திணிக்கும், மறுத்துவிடுகிறேன்.

கொலம்பஸ், ஒஹாயோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

சகோதரி எழுதியது அத்தனையும் உண்மை. எங்கள் ஊரில் அதனோடு பனியும் படிக்கட்டும் சேரும். மென்பொருள் வேலை போன பிறகு 54 வயதில் இதில் இறங்கினேன். கிரீன் கார்டு இருந்ததால் விசாச் சிக்கல் இல்லை. வீட்டு வாசலுக்கு எதிரே தெருவோரத்தில் ஏற்றி இறக்குவது ஒரு வகை ஒப்பந்தம், வீட்டுக் கதவு வரை போய்க் கைத்தாங்கலாக அழைத்துவருவது வேறொரு வகை. என்னுடையது இரண்டாவது வகை. கதவு வரை என்று காகிதத்தில் இருக்கிறதே தவிர, கதவுக்கும் தெருவுக்கும் நடுவில் எத்தனை படி என்று அதில் எழுதியிருப்பதில்லை. பழைய வீடுகளில் பெரும்பாலும் நான்கைந்து படிகள் இருக்கும். முதல் குளிர்காலத்தில் ஓர் அம்மையாரை நாற்காலியோடு நான்கு படி இறக்கினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் முதுகுதான் ஆறு வாரம் படுத்துவிட்டது. வேறு ஓட்டுநர் இல்லாததால் தொழிலும் என்னோடு படுத்துக்கொண்டது. இப்போது புது நோயாளி என்றால் முதல் நாளே போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எடை விஷயத்தையும் யாரும் சொல்வதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின்படி வேனில் உள்ள லிஃப்ட் குறைந்தது 600 பவுண்டு தாங்கும்படி இருக்க வேண்டும். மின்சக்கர நாற்காலி மட்டுமே 300 பவுண்டைத் தாண்டுவது உண்டு. ஆளும் நாற்காலியும் சேர்ந்து எவ்வளவு என்று கேட்பது அவர்களுக்குக் கூச்சமாகவும் நமக்குச் சங்கடமாகவும் இருக்கும். ஆனாலும் முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். ஆளை ஏற்றிய பிறகு லிஃப்ட் பாதி உயரத்தில் நின்றால் பனியில் அவரும் நாமும் தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். நான் 25 நிமிடம் காத்திருந்திருக்கிறேன்.

நாற்காலியைக் கட்டும் நான்கு பட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொக்கியைச் சக்கரத்திலோ கழற்றக்கூடிய கால்தாங்கியிலோ மாட்டுவது புது ஓட்டுநர்கள் எல்லோரும் செய்யும் பிழை. நாற்காலிச் சட்டகத்தின் கெட்டியான பகுதியில்தான் மாட்ட வேண்டும். அதன் பிறகு ஆளுக்குத் தனியாக இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் போட வேண்டும். இடுப்புப் பட்டை கைப்பிடிகளின் மேல் ஓடாமல் உள்ளே நுழைந்து இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். நாற்காலியைத்தான் கட்டிவிட்டோமே என்று ஆளைக் கட்டாமல் விடுபவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டெட்ராய்ட் பகுதியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் வண்டி ஓட்டுபவள் அல்லள். என் அண்ணனின் கம்பெனிக்குக் கணக்கும் பில்லும் பார்ப்பவள். பில்லில் ஏ0130 என்ற குறியீடு சக்கர நாற்காலி வேனைக் குறிக்கும், எஸ்0209 அதன் மைலைக் குறிக்கும் என்பதையெல்லாம் ஒரே மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம். ஓட்டுநர்களின் குறிப்பு எழுதும் பழக்கத்தை மாற்ற எனக்கு ஓராண்டு ஆயிற்று. ஏற்றிய நேரம் 9.00, இறக்கிய நேரம் 9.30 என்று எல்லாப் பயணத்துக்கும் வட்டமாக எழுதிவைத்த ஒருவரால் ஒரே வாரத்தில் 31 பயணங்களின் பில் திருப்பி அனுப்பப்பட்டது. ஜிபிஎஸ் காட்டிய நேரம் ஒன்று, தாளில் இருந்த நேரம் இன்னொன்று. வண்டி ஓடியது உண்மை, நோயாளி போய்வந்ததும் உண்மை. ஆனால் இந்தத் துறையில் போகாத பயணத்துக்குப் பில் போட்டுச் சிறைக்குப் போனவர்கள் இருப்பதால், பொருந்தாத எண்ணைக் கண்டால் முதலில் சந்தேகப்படுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், அரசு மருத்துவத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலை மாதந்தோறும் புதுப்பிக்கிறது. வேலைக்குச் சேர்க்கும்போது மட்டுமல்லாமல் ஒவ்வொரு மாதமும் நம் ஓட்டுநர்களின் பெயர்களை அதில் தேடிப் பார்த்து, பார்த்ததற்குச் சான்றாக அந்தப் பக்கத்தையும் சேமித்துவைக்கிறேன். இன்னொன்று: மெடிகெய்ட் தரும் கட்டணமே முழுக்கட்டணம். கூட ஐந்து டாலர் கொடுங்கள் என்று நோயாளியிடம் கேட்கக் கூடாது. ஒரு பாட்டி தன் கையால் சுட்ட ரொட்டியை வாராவாரம் அண்ணனுக்குக் கொடுத்தனுப்புகிறார். அதற்கு எந்தக் குறியீடும் இல்லாததால் பதிவு செய்யாமல் சாப்பிட்டுவிடுகிறோம்.

பெயரும் ஊரும் சொல்ல விரும்பாத ஓர் உறுப்பினர்:

நான் 14 மாதங்களில் மூடிவிட்டேன். நான்கு வேன், ஐந்து ஓட்டுநர்கள். ஓட்டுநர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் சம்பளம். தரகு நிறுவனம் எனக்குப் பணம் தருவது பில் சரிபார்த்து 30 முதல் 45 நாள் கழித்து. இந்த இடைவெளியைக் கடன் அட்டையால் நிரப்பினேன். வேலை கூடக் கூடக் கடனும் கூடியது. பயணங்கள் அதிகமாக இருந்த மாதத்தில்தான் கையில் பணமே இல்லாமல் போயிற்று. அது எப்படி என்று என் மனைவிக்கு விளக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. பிறகு ஒரு காலாண்டில் திடீரென்று என் பயணங்களில் பாதியை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். எத்தனை பயணம் தருவோம் என்று அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை. இன்று தொடங்குபவராக இருந்தால், ஒரு வேனோடு, ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, எரிபொருள் எல்லாம் சேர்த்து மூன்று மாதச் செலவைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் முதல் பயணத்தை ஏற்பேன். முதியோர் இல்லங்களிடம் நேரடியாகப் பேசிக் கைப்பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் சிலரையும் பிடித்திருப்பேன். எல்லா முட்டையையும் ஒரே தரகரின் கூடையில் வைத்தவன் நான்.

புதிய உறுப்பினர் ஒருவரின் கேள்வி:

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கம்பெனியை என் பெயரில் பதிவு செய்துவிட்டுச் சனிக்கிழமைகளில் மட்டும் நானே ஓட்டலாமா? மேலும், டயாலிசிஸ் நோயாளிகள் எல்லோருக்கும், முதியவர்களுக்குக் கிடைக்கும் மத்திய அரசுக் காப்பீடான மெடிகேர் இருக்கிறதே, அதுவே வேனுக்குப் பணம் தராதா?

டாலஸ் உறுப்பினரின் பதில்:

தம்பி, தயவுசெய்து ஓட்டாதீர்கள். கம்பெனியில் பங்கு வைத்திருப்பது வேறு, அந்தக் கம்பெனிக்காக வேலை செய்வது வேறு. உங்கள் விசா உங்களுக்கு அனுமதி தந்திருப்பது மனுப்போட்ட முதலாளியிடம் வேலை செய்ய மட்டுமே. சம்பளம் எடுக்கவில்லை, சனிக்கிழமைதானே என்ற சமாதானமெல்லாம் குடியேற்றத் துறையிடம் எடுபடாது. பதிவு செய்வதற்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

மெடிகேர் விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். 1972-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வயது எதுவாயினும் மெடிகேர் கிடைக்கிறது. டயாலிசிஸ் செலவை அது ஏற்கிறது. ஆனால் மரபான மெடிகேர், ஆம்புலன்ஸ் தேவைப்படும் நிலையில் இருப்பவருக்குத்தான் பயணச் செலவு தரும், சக்கர நாற்காலி வேனுக்குத் தராது. மெடிகேர், மெடிகெய்ட் இரண்டும் உள்ள ஏழை நோயாளிக்கு வேன் கட்டணம் மெடிகெய்ட் வழியாக வருகிறது. என் வண்டியில் வருபவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்களே. எதிர்வீட்டுப் பாட்டியும் அவர்களில் ஒருவர். முன்பதிவில் அவர் வேறொரு கம்பெனியின் கணக்கில் இருந்ததால், அவரை என் வண்டிக்கு மாற்ற ஏழு முறை தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது.

கொலம்பஸ் ஐயா சொன்ன வீட்டைப் பார்த்துவிட்டு வரும் பழக்கத்தை நானும் தொடங்கப்போகிறேன். நாளை சனிக்கிழமை, முதல் பயணம் விடியற்காலை 4.40-க்கு. எங்கள் மையங்கள் மூடியிருப்பது ஞாயிறு ஒருநாள்தான் என்பதால், மீதிக் கேள்விகளுக்கு அன்று பதில் எழுதுகிறேன்.