72 வயதில் தினமும் அரை மணி நேர நடை: அது மட்டும் போதுமா?

கேள்வி:
அப்பாவுக்கு 72 வயது. தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். 10,000 காலடி நடக்காவிட்டால் பயனில்லை என்று யாரோ சொன்னதிலிருந்து மாலையிலும் நடக்கிறார். ஆனால் நாற்காலியிலிருந்து எழ, கைப்பிடியை அழுத்த வேண்டியிருக்கிறது. முழங்கால் வலி லேசாக உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். நடையை இன்னும் கூட்டலாமா?

பதில் 1:
கூட்ட வேண்டாம். 10,000 என்பது 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரால் பரவிய எண். சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41% குறைவு. 7,500 அடியை ஒட்டி அந்தப் பலன் கூடுவது நின்றுவிட்டது. (உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் நடப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.)

கவலைப்பட வேண்டியது அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான். வயதாக ஆக, சட்டென்று சுருங்கி விசை தரும் தசை இழைகள்தான் முதலில் மெலிகின்றன. இடறும்போது காலைச் சட்டென்று முன்னால் வைத்து நம்மைத் தாங்குபவை அவை. நிதானமான நடையில் அவற்றுக்கு வேலையே இல்லை.

சோதித்துப் பாருங்கள்: சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுகிறார் என்று எண்ணுங்கள். 70–74 வயது ஆண்களுக்கு 12க்குக் குறைந்தால் கால் பலம் போதவில்லை, விழும் அபாயம் உண்டு.

பதில் 2:
மாலை நடைக்குப் பதில் வாரம் இரண்டு மூன்று நாள் அந்த எழுந்து உட்காரும் பயிற்சியையே செய்யட்டும். கையில்லாமல் முடியாவிட்டால் இருக்கையில் கெட்டி மெத்தை போட்டு உயர்த்துங்கள். பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழ வேண்டும். பலர் நிமிர்ந்தபடியே எழப் பார்த்துப் பின்னால் சாய்ந்துவிடுவார்கள். உட்காரும்போது மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். 8 முறை, இரண்டு சுற்று. 12 எளிதானதும் மெத்தையை எடுத்துவிடலாம். மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும்.

சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையல் மேடையைப் பிடித்து ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பதில் தொடங்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முழங்கால் வலித்தால் நிறுத்திவிடலாமா?

பதில் 3:
லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். வீக்கமோ, மறுநாளும் நீடிக்கும் வலியோ இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்து இருக்கையை உயர்த்துங்கள்.

மெட்டோப்ரோலால் நாடித்துடிப்பை ஏறவிடாது, ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு இறுக்கம் சில நிமிடத்தில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.