பைபர் படகில் விளக்குக் கம்பம்: யோசனை சொல்லுங்கள்
அண்ணன்மாரே, வணக்கம். எங்கள் பைபர் படகு 9 மீட்டர்கூட இல்லை. இரவில் செவுள் வலை விரித்துக் கிடக்கும்போது மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் எல்லாத் திசைக்கும் தெரிய வேண்டும் என்பது 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதி. (மேலே பச்சை என்றால் இழுவலை.) வலை 150 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பக்கம் இன்னொரு வெள்ளை.

எல்லாம் சரி. ஆனால் விளக்குகளுக்கிடையே 1 மீட்டர், கீழ்விளக்கு படகின் விளிம்பிலிருந்து 2 மீட்டர் உயரம் என்றால் கம்பமே 3 மீட்டர் நிற்கிறது! அலைக்கு ஆடுகிறது, வலையைப் படகில் இழுத்து ஏற்றும்போது கயிறு போய்ச் சிக்குகிறது.

மடக்குக் கம்பம் வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா? அடியை எங்கே பொருத்தினீர்கள், அணியத்திலா (முன்பக்கம்), அமரத்திலா (பின்பக்கம்)? உப்புக்காற்றில் வயர் முனை பச்சை பூக்காமலிருக்க என்ன பூசுகிறீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.